கருங்காலி உலக்கையும் ஒரு பேஸ் கிற்றாரும்

2018ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நண்பரொருவரும் அவரது மகனும் நாமுமாகத் தென் ஜேர்மனியின் எர்லாங்கன் நகரப் பக்கமாகக் காரில் போய்க்கொண்டிருந்தோம். முன் ஆசனத்திலிருந்து பின் கண்ணாடி வரை நீட்டுக்கு ஓர் உலக்கை கிடந்தது. பழைய சாரமொன்றினால் சுற்றப்பட்டிருந்தது. பூண் மட்டும் வெளியே தெரிந்தது.

மகனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இங்கு பிறந்தவன். மூன்று ஜேர்மன் பொடியன்களுடன் சேர்ந்து ஒரு இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசிக்கிறான். இரண்டு வருடம் கடையொன்றில் பெட்டி அடுக்கிச் சேர்த்த காசில், தனக்கென்று அளவெடுத்து ஒரு கிற்றார் செய்விக்கப் போகிறான். மரத்தை வாங்குபவரே வந்து தெரிவுசெய்ய வேண்டும் என்பது அந்தப் பட்டறையின் வழக்கம். அவன் ஏற்கனவே தெரிவுசெய்துவிட்டான். தந்திகளின் கீழே விரல் அழுத்தும் பலகை அப்பம்மாவின் கருங்காலி உலக்கையிலிருந்து வரவேண்டும். அப்பம்மாவிடம் எவரும் கேட்கவில்லை என்பதை இடைவழியில்தான் நாம் அறிந்தோம்.

எமது வாசகர்களில் எத்தனை பேர் பேஸ் கிற்றாரைக் கவனித்திருப்பார்களோ தெரியாது. ஆனால் இளையராஜாவின் பாடல்களைக் கேட்டவர்கள் எல்லோரும் அதைக் கேட்டிருக்கிறார்கள். எழுபதுகளில் இலங்கையில் பொப் இசைக் குழுக்கள் கோயில் வீதிகளிலும் பாடசாலை மண்டபங்களிலும் பாடிய காலத்தில், மேடையின் ஓரத்தில் நான்கு தந்தியுடன் ஒருவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பாரே, அவர் கையிலிருந்ததுதான். அவரை ஒருவரும் பார்ப்பதில்லை. அவர் நிறுத்தினால் மட்டும் பாட்டு விழுந்துவிடும்.

இந்த வாத்தியத்தின் வயது அதிகமில்லை. அமெரிக்காவின் சியாற்றில் நகரில் போல் டட்மார்க் என்பவர் 1930களின் நடுப்பகுதியில் வால்நட் மரக்கட்டையில் ஒன்றைச் செய்து விற்கப் பார்த்தார். விலைப்படவில்லை. 1951இல் கலிபோர்ணியாவில் லியோ பென்டர் செய்ததே உலகெங்கும் பரவியது. பென்டர் வாத்தியக்காரர் அல்லர். றேடியோ திருத்துபவர். அவர் எடுத்த மரங்களில் பெருமை எதுவும் இல்லை. உடலுக்கு ஆஷ், கழுத்துக்கு மேப்பிள். அமெரிக்காவில் தளபாடத்துக்கும் வேலைக்கருவிகளின் பிடிக்கும் பாவிக்கும் மரங்கள். இலகுவாகக் கிடைத்தன, இயந்திரத்தில் இலகுவாக வெட்டுப்பட்டன. எங்களூர்த் தச்சன் கைக்கெட்டிய பூவரசில் மண்வெட்டிப் பிடி போடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1959இல் விரற்பலகையை மட்டும் றோஸ்வூட்டுக்கு மாற்றினார்கள். மேப்பிள் பலகையில் பூச்சு உரிந்து, விரல் அழுக்கு ஏறி, மேடை வெளிச்சத்தில் அசிங்கமாகத் தெரிந்தது என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். ஓசையைப் பற்றி அங்கே பேச்சில்லை.

அரிய மரம் என்ற ஆசை பிறகுதான் வந்தது. 1969இல் கலிபோர்ணியாவில், கிறேற்ஃபுல் டெட் குழுவைச் சுற்றியிருந்த சிலர் அலெம்பிக் என்ற பட்டறையைத் தொடங்கினர். ஒலிப்பதிவு, ஒலிபெருக்கி, கிற்றார் திருத்தம் எல்லாவற்றிலும் கை வைத்தார்கள். ஜெபர்சன் ஏயர்பிளேன் குழுவின் ஜாக் கசடிக்காக 1972இல் அவர்கள் செய்த பேஸ்தான் அவர்களது முதலாவது முழு வாத்தியம். பென்டர் வேண்டாமென்று விட்ட எல்லாவற்றையும் அவர்கள் தேடிப்பிடித்தார்கள். ஆபிரிக்காவின் வரிக்குதிரை மரம், தென் அமெரிக்காவின் ஊதாநெஞ்சு மரம் (வெட்டும்போது மண்ணிறமாக இருந்து காற்றும் வெளிச்சமும் பட்ட பிறகு ஊதாவாக மாறும்), மத்திய அமெரிக்காவின் கொக்கோபோலோ. கழுத்தை ஒரே கட்டையில் செய்யாமல் பல மரங்களின் கீலங்களை ஒட்டி, உடலின் அடி வரை ஓடவிட்டார்கள். இதற்கு அழகு மட்டும் காரணமல்ல. பேஸ் கிற்றாரின் நான்கு தந்திகளும் சேர்ந்து 70, 80 கிலோ பாரத்துடன் கழுத்தை முன்னுக்கு இழுக்கின்றன. எதிரெதிர் நார்ப்போக்குள்ள கீலங்களை ஒட்டினால் வளைவது குறையும். ஆனால் ஸ்ரான்லி கிளார்க் 1970களில் அந்த வாத்தியத்துடன் மேடையின் நடுவுக்கு வந்தபோது சனம் பார்த்தது கீலங்களின் நிறத்தைத்தான். ஓரத்தில் நின்றவர் நடுவுக்கு வந்துவிட்டார். அவருக்கு ஒரு நல்ல உடுப்பு வேண்டாமா?

அதன் பிறகு மரத்தின் பெயர் விலைப்பட்டியலில் ஏறியது. நியூயோர்க்கில் கார்ல் தொம்சன், புறூக்ளினில் 1983இல் தொடங்கிய பொடேரா, ஜேர்மனியில் 1982இல் தொடங்கிய வார்விக் என்று வரிசை நீண்டது. வார்விக் கமரூன், காபொன், கொங்கோக் காடுகளின் புபிங்காவையும் வெங்கேயையும் தன் அடையாளமாக்கிக் கொண்டது. எண்பதுகளுக்குப் பின் ஐரோப்பியப் பொடியன்கள், ஆபிரிக்க நாடுகளின் தலைநகரங்களைச் சொல்லத் தெரியாவிட்டாலும் அந்நாட்டு மரங்களின் பெயரைச் சரியாகச் சொன்னார்கள். நண்பரின் மகனும் அப்படித்தான். முதிரையைத் தெரியுமா என்று கேட்டோம். தெரியாது.

நாம் போன ஊர்ப்பக்கம் பற்றி இங்கு கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோம் என்றாலும் பிழையில்லை.

எர்லாங்கனுக்குப் பக்கத்தில் பூபன்றொய்த் என்றொரு கிராமம். 1940களின் கடைசி வரை சில நூறு விவசாயிகள் மட்டும் வாழ்ந்த இடம். அங்கே எப்படி வயலினும் கிற்றாரும் வந்தன? பொஹிமியாவில், இன்றைய செக் நாட்டின் எல்லையோரத்தில், ஷோன்பாக் என்ற ஊர் இருந்தது. இப்போது அதன் பெயர் லூபி. ஜேர்மன் மொழி பேசியவர்கள் பல தலைமுறையாக அங்கே வயலின் செய்தார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியாவின் ஜேர்மன்காரரில் மிகப் பெரும்பாலானோர் வெளியேற்றப்பட்டனர். கையில் தூக்கக்கூடிய பொதியுடன் ஏற்றிவிட்டார்கள். நாஜிகள் செய்தவற்றுக்கான பழி அது என்பதையும் நாம் மறக்கக்கூடாது. பழி வயலின் செய்யும் கிழவர்களின் மேலும் விழுந்தது என்பதையும் மறக்கக்கூடாது. இரண்டையும் ஒருமித்து நினைவில் வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்று எம்மவருக்குச் சொல்லத் தேவையில்லை.

பிரெட் வில்பர் என்பவர் 1946இல் எர்லாங்கனில் பிறாமுஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, சிதறிக்கிடந்த தச்சர்களைத் தேடிச் சேர்த்தார். அகதிகளை ஏற்க 1949இல் பூபன்றொய்த் ஊரார் முடிவெடுத்தனர். வந்து சேர்ந்தவர்கள் ஊராரைவிடப் பல மடங்கு. 1887இல் ஷோன்பாக்கில் தொடங்கிய ஹொவ்னர் குடும்பமும் அங்கேயே வந்து குடியேறியது. அந்தக் குடும்பத்தின் வால்ற்றர் ஹொவ்னர் 1950களின் நடுவில் வயலின் வடிவில் ஒரு பேஸ் கிற்றாரை அமைத்தார். மேலே ஸ்ப்றூஸ், முதுகுக்கும் பக்கங்களுக்கும் மேப்பிள், உள்ளே வெறுமை. வயலின் செய்யும் கைகளுக்கு வேறென்ன வரும்? 1961இல் ஹம்பேர்க்கில் போல் மக்கார்ட்னி அதிலொன்றை மலிவு விலைக்கு வாங்கினார். இடக்கைக்காரர் தலைகீழாகப் பிடித்தாலும் வடிவு கெடாது என்பது அவருக்குப் பிடித்திருந்ததாம். பீற்றில்ஸின் அடித்தளம் அகதிப் பட்டறை ஒன்றிலிருந்து வந்தது. அதில் ஆபிரிக்க மரமோ பிரேசில் மரமோ உடலுக்குத் தேவைப்படவில்லை.

எல்லைக்கு மறுபுறம், சக்சனியில், மார்க்நொய்கிர்ஷன் என்ற ஊர். அதன் கதையும் இதே கதைதான். பதினேழாம் நூற்றாண்டில் மத நெருக்குதலால் பொஹிமியாவை விட்டு ஓடிய புரட்டஸ்தாந்து வயலின் தச்சர்கள் அங்கு வந்து, 1677இல் தமக்கென்று ஒரு தொழிற்சங்கம் அமைத்தனர். அந்த அகதிகளின் வாரிசுகள் பின்னர் செய்ததைக் கேளுங்கள். கிற்றார் செய்யும் உரிமை வயலின்காரருக்கே உண்டு, தளபாடத் தச்சர் செய்யக்கூடாது என்று வழக்காடினர். தளபாடத் தச்சர் பக்கத்தில் நின்ற கிறிஸ்டியன் பிரெடெரிக் மார்ட்டின் 1833இல் நியூயோர்க்குக்குக் கப்பலேறினார். அமெரிக்கக் கிற்றாரின் பெரும்பெயரான மார்ட்டின் அவர்தான். ஓடிவந்தவன் கதவைச் சாத்தியதால் இன்னொருவன் ஓடினான். வார்விக் நிறுவனத்தைத் தொடங்கியவர் பிரெட் வில்பரின் மகன். அவர் 1995இல் தொழிற்சாலையை மார்க்நொய்கிர்ஷனுக்கே கொண்டுபோனார்.

நாம் போன பட்டறைக்காரரின் பாட்டனாரும் ஷோன்பாக்கிலிருந்து வந்தவர். சுவரில் ஒரு சிறு வயலின் சீவுளி தொங்கியது. பிள்ளையின் உடுப்புக்குள் ஒளித்துக் கொண்டுவந்ததாம். அவர் அதைக் காட்டியபோது நண்பர் சாரத்தை அவிழ்த்தார்.

உலக்கையின் கதை இது. 2002இல் ஏ-9 பாதை திறந்ததும் நண்பர் மறுவருடம் வடமராட்சிக்குப் போனார். வீட்டுக்குக் கூரை இல்லை. முதிரையில் செய்த கதவுகளும் நிலைகளும் இல்லை. வளவின் பனைகள் பங்கருக்குத் தறிபட்டுப் போயிருந்தன. பக்கத்து வீட்டு அன்ரி மட்டும், "தம்பி, இடம்பெயர முந்தி அம்மாட்ட இரவல் வாங்கினது, திருப்பிக் குடுக்கேல்லை" என்று இந்த உலக்கையைக் கொண்டுவந்து தந்தார். விமான நிலையத்தில் இது ஆயுதமா என்று கேட்டார்கள். நண்பர் நின்ற இடத்தில் அரிசி இடித்துக் காட்டினார். ஜேர்மனிக்கு வந்ததும் தாயார் ஒருநாள் மிளகாய்த்தூள் இடித்தார். கால்மணித்தியாலத்தில் கீழ்வீட்டுக்காரர் மேலேறி வந்துவிட்டார். அன்றிலிருந்து அது பல்கனிக் கதவுக்குப் பின்னால் நின்றது.

பட்டறைக்காரர் நகத்தால் தட்டினார். முனையை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார். கறுப்பு பளபளத்து வந்தது. "சிலோன் எபனி" என்று மெதுவாகச் சொன்னார். இப்படி ஒன்றைத் தான் புத்தகத்தில்தான் பார்த்திருப்பதாகவும் சொன்னார். தண்ணீரில் தாழும் மரம். உருக்குத் தந்திகள் வருடக்கணக்காக உரசினாலும் பள்ளம் விழாது. விரற்பலகைக்கு அதைவிட வேறு மரம் தேடத் தேவையில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், "பத்திரம் இருக்கிறதா?"

எமக்குச் சிரிப்பு வந்தது. 1980களில் இந்நாட்டுக்குள் வந்த எம்மில் எவரிடமும் இல்லாத பொருளை ஓர் உலக்கையிடம் கேட்கிறார். ஆனால் அவர் பகிடியாகக் கேட்கவில்லை. அக்காலத்தில் கிற்றார் செய்பவர்கள் எல்லோரும் கேட்கத்தான் வேண்டியிருந்தது.

அரிய உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கை 1973இல் வாஷிங்டனில் ஒப்பமிடப்பட்டது. பிரேசில் றோஸ்வூட் 1992இல் அதன் மிகக் கடுமையான முதற் பட்டியலில் ஏறியது. அதற்கு முன்னரே, 1960களின் இறுதியில், பிரேசில் கட்டை ஏற்றுமதியை நிறுத்தியிருந்தது. மார்ட்டின் நிறுவனம் 1969இல் இந்திய றோஸ்வூட்டுக்கு மாறியது. பென்டர் அதற்கும் முன்னரே மாறிவிட்டது. அந்த இந்திய றோஸ்வூட் வேறொன்றுமல்ல. நீலகிரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் எமது ஈட்டி மரம். இந்த அரை நூற்றாண்டாக உலகத்துக் கிற்றார்க்காரர் பலரின் விரல்கள் ஈட்டியின் மேல் ஓடுகின்றன. 1990களின் நடுவில் தமிழ்நாட்டில் ஈட்டியைக் காக்கவென்றே தனிச்சட்டம் போட வேண்டியதாயிற்று.

2017 தை 2ஆந் தேதி முதல் றோஸ்வூட் இனம் முழுவதும் இரண்டாம் பட்டியலில் வந்தது. புபிங்கா தரும் மூன்று மரங்களும் சேர்ந்தன. காரணம் கிற்றார் அல்ல. சீனாவில் செல்வந்தர் வீட்டுச் செந்நிறத் தளபாடங்களுக்காகக் காடுகள் கப்பல் கப்பலாகப் போயின. அத்தோடு ஒப்பிட்டால் வாத்தியங்களுக்குப் போனது துளி. ஆனால் வலை எல்லா மீனுக்கும் ஒன்றுதானே. ஒரு பழைய கிற்றாரைச் சுவிற்சர்லாந்துக்கு விற்பதென்றாலும் பத்திரம் வேண்டியதாயிற்று. 2019 கார்த்திகையில் முடிந்த வாத்தியங்களுக்கு விலக்கு அளித்தார்கள். பிரேசில் றோஸ்வூட்டுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. அதே 2019இல் காபொன் துறைமுகத்தில் தடைசெய்யப்பட்ட புபிங்கா நிரம்பிய நூற்றுக்கணக்கான கொள்கலன்கள் காணாமற்போய், அந்நாட்டின் உப ஜனாதிபதியும் வனத்துறை அமைச்சரும் பதவியிழந்தனர்.

அமெரிக்காவில் கிப்சன் நிறுவனத்தின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். மடகஸ்கார் கருங்காலி தொடர்பாக 2009இலும், இந்திய மரம் தொடர்பாக 2011இலும் அதன் தொழிற்சாலைகளைச் சோதனையிட்டனர். 2012இல் நிறுவனம் 3 லட்சம் டொலர் தண்டம் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. 2009இல் மடகஸ்காரில் ஆட்சி கவிழ்ந்த குழப்பத்தில் காடுகள் சூறையாடப்பட்டன. அரசு விழுந்தால் முதலில் விழுவது மரம் என்பது எமக்குப் புதிய செய்தியல்ல.

கமரூனில் நடந்த ஒன்று எம்மை அதிகம் யோசிக்க வைத்தது. 2011இல் ரெய்லர் கிற்றார் நிறுவனமும் ஒரு ஸ்பானிய மரக்கம்பனியும் அங்கே ஒரு கருங்காலி ஆலையை வாங்கின. ஆலைக்குப் போன பொப் ரெய்லர் அறிந்தது இது. கருங்காலியைத் தறிக்கும்வரை உள்ளே முழுக் கறுப்பா, வரியோடியதா என்று தெரியாது. பத்தில் ஒன்று மட்டும் முழுக் கறுப்பு. மற்ற ஒன்பதையும் வாங்க ஆளில்லாததால் தறித்த இடத்திலேயே உக்க விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்கள். வரியோடியதையும் இனித் தான் வாங்குவதாக ரெய்லர் அறிவித்தார். காட்டைப் பத்து மடங்கு வேகத்தில் அழித்தது வெறும் நிறத்தின் மீதுள்ள ஆசை. கருங்காலி என்ற நல்ல மரத்தின் பெயரை வேலைநிறுத்தத்தை உடைப்பவனுக்குச் சூட்டிய எமது தொழிற்சங்கத் தோழர்களை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டோம். மரம் என்ன பிழை செய்தது?

ஐரோப்பியருக்கு இந்த மோகம் பழையது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹொறஸ் வால்போல் என்ற ஆங்கிலப் பிரபு, கடைந்தெடுத்த கருங்காலிக் கதிரைகளைப் பழைய ரியூடர் அரசர் காலத்து ஆங்கில வேலை என்று நம்பித் தன் மாளிகையை நிரப்பினார். அவை சோழமண்டலக் கரையிலோ இலங்கையிலோ எம்மவர் கைகள் கடைந்தவை. அடுத்த நூற்றாண்டில் இலங்கையின் கலமந்தர் மரம் இங்கிலாந்தின் மேசைகளுக்காக அநேகமாகத் தீர்ந்தே போயிற்று.

இவ்வளவும் ஓசைக்காகவா? பட்டறைக்காரரிடம் நேரே கேட்டோம். அவர் சிரித்தார். ஸ்பெயினின் டொறெஸ் 1862இலேயே முதுகையும் பக்கங்களையும் காகிதக்கூழ் அட்டையில் செய்து ஒரு கிற்றாரைக் காட்டியிருக்கிறார். 1970களின் இறுதியில் நெட் ஸ்ரைன்பேர்கர் மரமே இல்லாமல் கரிநாரில் பேஸ் செய்தார். ரெய்லர் 1995இல் சாமான் அடுக்கும் பழைய பலகைத் தட்டை உடைத்து ஒரு கிற்றார் செய்து கண்காட்சியில் வைத்தார். நாம் போய்வந்த அதே 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்ரர் பல்கலைக்கழகத்தில், முதுகு மரம் மட்டும் வேறுபட்ட ஆறு கிற்றார்களை 52 பேரிடம் கொடுத்து, மரம் தெரியாதபடி வாசிக்கச் செய்தனர். மலிவான மரத்துக்கும் பிரேசில் றோஸ்வூட்டுக்கும் அவர்கள் பெரிதாக வேறுபாடு காணவில்லை. மின்காந்தத்தில் ஒலி எடுக்கும் பேஸில் வேறுபாடு இன்னும் குறைவாகவே இருக்கும் என்பது எமது எண்ணம். தந்தி, காந்தம், விரல், இவைதான் பெரும்பங்கு. ஆனாலும் பாரமான, இறுக்கமான கழுத்தில் சுரம் நெடுநேரம் நிற்கும் என்பதைக் கையில் பிடித்தவர்கள் மறுப்பதில்லை. நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்பவர்கள் இடித்த பழைய வீடுகளின் ஆச்சா மரத்தைத் தேடி வாங்குவதும் சும்மா அல்ல. ஈரம் முழுதாகப் போன மரம் பிறகு வெடிப்பதில்லை. உலக்கையும் அப்படிப்பட்டதுதான்.

பட்டறைக்காரர் உலக்கையை அளந்தார். குறுக்கே ஏழு சென்ரிமீற்றர். நடுவில் குருத்து ஓடுவதால் நடுப்பலகை வெடிக்கும் என்றார். குருத்தை விலக்கி இரண்டு பக்கமும் இரண்டு கீலம் எடுத்து நடுவில் ஒட்டினால் ஒரு பலகை வரும். மிச்சம் அதிகம் இராது. பத்திரமில்லாத மரத்தைத் தன் கணக்கில் வாங்கவோ விற்கவோ மாட்டார். உங்கள் வீட்டுப் பொருளை உங்களுக்கே சீவித் தருவதென்றால் சம்மதம். உடலுக்கு உள்ளூர் வால்நட்டும் கழுத்துக்கு மேப்பிளும் போதும் என்றார். ஆஷ் அவரே வேண்டாமென்றார். வண்டு அரித்து அதுவும் அருமையாகிக்கொண்டு வந்தது. (2020இல் பென்டரே தன் வழமையான கிற்றார்களில் ஆஷைக் கைவிட்டது. றேடியோக்காரரின் மலிவு மரம்!) கடைசியாக ஒன்று கேட்டார்: "இது யாருடையது?"

மகன் அப்பம்மாவுடையது என்றான். அவர் உலக்கையைத் திரும்பச் சாரத்தில் சுற்றித் தந்தார். அவரைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்றார்.

திரும்பும் வழியெல்லாம் தகப்பனும் மகனும் பேசவில்லை. வீட்டில் எண்பத்தொரு வயது அப்பம்மா கதிரையில் இருந்தார். பல்கனிக் கதவின் பின்னால் வெறுமையைக் காலையிலேயே கண்டுவிட்டார் போலும்.

"எங்கை கொண்டு திரிஞ்சனியள் உதை?"

மகன் தன் அரைகுறைத் தமிழில் எல்லாவற்றையும் சொன்னான். வெட்டிக் கீலமாக்கி ஒட்டுவதை மறைக்கவில்லை. அவர் கனநேரம் பூணைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்ரை அம்மா எனக்குச் சீதனத்தோடை தந்தது. அங்கை இரவலிலை கிடந்தது, இஞ்சை கதவுக்குப் பின்னாலை நிக்குது. வெட்டு மோனே. பூணை மட்டும் எனக்குக் கொண்டந்து தந்திடு." பிறகு அவனுடைய பழைய கிற்றாரையும் ஒலிபெருக்கிப் பெட்டியையும் பார்த்துச் சொன்னார்: "உதுக்கும் கீழ்வீட்டுக்காரன் ஏறி வரத்தான் போறான்."

ஆவணியில் கிற்றார் வந்தது. அப்பம்மா சொன்னதுபோலவே, முதல் நாளே அவரும் வந்தார்.